சேலத்துச் சரித்திரம் – 14: மூன்று துறைத் தில்லி

கடலைக்காயை ஆட்டி எண்ணெய் எடுப்பவர், அந்த எண்ணெயை முதன்முதலாக விற்கும்போது வரி வாங்கும் உரிமை சென்னைக்கா, தில்லிக்கா? எண்ணெய் ஆட்டுவது உற்பத்தி. உற்பத்தி மீதான கலால் வரி தில்லியைச் சேர்ந்தது. எண்ணெயைக் கைமாற்றுவது விற்பனை; விற்பனை வரி மாகாணத்தைச் சேர்ந்தது. ஆட்டியவரே விற்றால் அது எந்தக் கணக்கு? சேலம் ஜில்லாவின் மானாவாரிக் காடுகளில் மண்ணுக்கடியில் விளையும் ஒரு பயிரை வைத்து எழுந்த இந்தக் கேள்வி, தில்லியின் பெடரல் கோர்ட் வரை போயிற்று.

சென்னை உயர் நீதிமன்றம் எண்ணெய் வணிகர் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 1942இல் தலைமை நீதிபதி மாரிஸ் குவையரின் கோர்ட் அதைத் திருப்பியது. எண்ணெயை விற்காமல் அவரே எரித்துத் தீர்த்தாலும் கலால் வரி கட்ட வேண்டியிருக்கும். விற்பனை வரியோ விற்றால் மட்டுமே உண்டு. ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்றது. தில்லி அதோடு விடவில்லை. கவர்னர் ஜெனரலின் அரசே சென்னை மாகாணத்தின் மேல் வழக்குப் போட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1945இல் அங்கேயும் தோற்றது.

சுதந்திரத்துக்கு இரண்டே ஆண்டு இருந்தபோது, மத்திய அரசும் ஒரு மாகாண அரசும் கடலை எண்ணெய்க்காக இப்படிக் கட்டிப் புரண்டன என்பதைச் சட்டக் கல்லூரிக்கு வெளியே அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கு இது சேலத்தின் கதை. அந்த வரி பிறந்ததற்குக் காரணம் சேலம்.

1937 ஏப்ரலில் 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாண சுயாட்சி நடைமுறைக்கு வந்தது. ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். அன்று முதலமைச்சரைப் பிரதமர் என்றுதான் சொன்னார்கள். அக்டோபர் 1ஆம் தேதி அவர் மதுவிலக்கைத் தொடங்கினார். மாகாணம் முழுவதும் இல்லை, ஒரே ஒரு ஜில்லாவில். அது சேலம். அன்றைய சேலம் ஜில்லா என்றால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, ஆத்தூர், சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் எல்லாம் அடங்கிய பெரிய நிலப்பரப்பு.

ராஜாஜிக்கு இந்த மண் பழக்கமானது. தொரப்பள்ளியில் பிறந்தவர், சேலத்தில் வக்கீல் தொழில் செய்தவர், 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானவர். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, கூலி வாங்கியதும் நேரே கள்ளுக்கடைக்குப் போகிறவர்களையும், அவர்கள் வீட்டில் உலை ஏறாத அடுப்புகளையும் பக்கத்திலிருந்து பார்த்தவர். மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார்; கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். ஆகவே ஆட்சி கைக்கு வந்ததும் இந்த ஜில்லாவில் கை வைத்ததில் வியப்பில்லை.

ஆனால் கள்ளும் சாராயமும் மாகாணக் கஜானாவின் முக்கியமான தூண்கள். சேலத்தை அடுத்து சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று மதுவிலக்கு பரவப் பரவ, வருமானத்தில் விழுந்த ஓட்டை பெரிதாயிற்று. அதை அடைக்க 1939இல் ராஜாஜி கொண்டுவந்ததுதான் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாச் சரக்குக்கும் பொதுவான விற்பனை வரி இந்தியாவில் வந்தது அதுவே முதல் முறை. ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைவாக விற்கும் சிறு கடைக்காரருக்கு வரி இல்லை. மற்ற வியாபாரிகள் கொதித்தார்கள். பிறகு எல்லா மாகாணங்களும் ஒவ்வொன்றாக அதே வழியைப் பிடித்தன.

மாகாணங்கள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தன என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர் டாக்டர் ப. சுப்பராயன், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள குமாரமங்கலத்து ஜமீன்தார். அது இரட்டை ஆட்சிக் காலம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஸ்தல ஸ்தாபனம் அமைச்சர்களிடம். நிதி, போலீஸ், நிலவரி கவர்னரிடமும் அவருடைய நிர்வாக சபையிடமும். பள்ளிக்கூடம் கட்டப் பொறுப்பு ஒருவருக்கு, செங்கல் வாங்கப் பணம் வேறொருவரிடம். குமாரமங்கலத்தார் நான்கு ஆண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு 1937இல் ராஜாஜி மந்திரிசபையில் சட்டமும் கல்வியும் அவர் வசம் வந்தன. இரண்டு காலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவரைப் போல அனுபவித்து உணர்ந்தவர்கள் மாகாணத்தில் மிகச் சிலரே இருந்திருப்பார்கள். விற்பனை வரி, ஒரு மாகாணம் யாரிடமும் கை நீட்டாமல் தன் மண்ணிலேயே எடுத்துக்கொண்ட பணம். அதை நான் இந்த அத்தியாயத்தின் நடுநாயகமாக வைப்பது அதனால்தான்.

1946க்கு வருவோம். மே 16ஆம் தேதி, பெத்திக் லாரன்ஸ், கிரிப்ஸ், அலெக்சாண்டர் ஆகிய மூவர் கொண்ட பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு தன் திட்டத்தை வெளியிட்டது. சுதந்திர இந்தியாவின் மத்திய அரசுக்கு மூன்றே துறை: பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்தும் தகவல் தொடர்பும். அந்த மூன்றுக்கும் வேண்டிய பணத்தைத் திரட்டும் அதிகாரம் அதோடு சேர்த்தி. மற்றதெல்லாம், பட்டியலில் பெயர் சொல்லப்படாத எஞ்சிய அதிகாரம் உட்பட, மாகாணங்களுக்கு. மாகாணங்கள் மூன்று தொகுதிகளாகச் சேர்ந்து இயங்கலாம். சென்னை ‘ஏ’ தொகுதி.

முஸ்லிம் லீக் பிரிந்து போகாமல் இருப்பதற்காகப் போட்ட ஏற்பாடு அது என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லும். சரிதான். ஆனால் அந்தத் திட்டத்தைச் சேலத்திலிருந்து படித்துப் பாருங்கள். காடு, மலை, மலைக்குள் இருக்கும் கனிமம், ஆலை, தறி, வரி, எதுவும் தில்லிக்குப் போகாது. அரசியல் நிர்ணய சபை டிசம்பர் 9ஆம் தேதி கூடியபோது இதுதான் அடிப்படை. நான்கு நாள் கழித்து நேரு முன்வைத்த குறிக்கோள் தீர்மானத்திலும் மாகாணங்கள் சுயாட்சி உள்ளவை, எஞ்சிய அதிகாரம் அவற்றுக்கே என்று இருந்தது. 1947 ஜனவரி 22இல் சபை அதை நிறைவேற்றியும் விட்டது.

இந்தப் பக்கத்து மக்களுக்கு அது புதிய பேச்சும் அல்ல. 1920 நாகபுரி காங்கிரஸில்தான் கட்சியின் மாகாணக் கமிட்டிகளை மொழிவாரியாக அமைத்தார்கள். அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் சேலம் விஜயராகவாச்சாரியார். 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் என்று பெயர் மாறியதும் சேலம் மாநாட்டில்தான். பெரியாரின் கழகம் தில்லியை ஒட்டவே வேண்டாம், திராவிட நாடு தனி நாடாக வேண்டும் என்றது. மொழிவழி மாகாணம், மாகாண சுயாட்சி, தனி நாடு ஆகிய மூன்று வழிகளையும் இந்த ஊர் கேட்டிருந்தது. எல்லா அதிகாரமும் தில்லிக்கே என்ற நான்காவது வழியை இங்கே யாரும் கேட்டதில்லை.

மூன்று துறை மட்டும் உள்ள மத்திய அரசு நடக்குமா? உலகத்தில் அதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. பிரிட்டனிடமிருந்து பிரிந்த அமெரிக்காவின் 13 மாநிலங்கள் 1781இல் ஓர் உடன்படிக்கையின் கீழ் ஒன்றுசேர்ந்தன. அவர்களுடைய மத்திய காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிப் பணம் கேட்க வேண்டும். மாநிலங்கள் கொடுத்தால் உண்டு. போர்க்கடன் ஏறிக்கொண்டே போயிற்று. இறக்குமதிச் சரக்குக்கு நூற்றுக்கு ஐந்து வரி போடலாம் என்று ஒரு திருத்தம் வந்தது. 13 மாநிலமும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவற்றில் மிகச் சிறிய ரோட் ஐலண்ட் 1782இல் முடியாது என்றது, திருத்தம் செத்தது. 1786இல் மாசசூசெட்ஸ் விவசாயிகள் கடனும் வரியும் தாங்காமல் ஆயுதம் எடுத்தபோது மத்திய அரசிடம் அனுப்புவதற்குப் படை இல்லை. மறு ஆண்டே பிலடெல்பியாவில் கூடிப் புதிய அரசியல் சட்டம் எழுதினார்கள்.

அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர்களுக்கு இது தெரியும். வெறும் கையோடு இருக்கும் தில்லி நாட்டைக் காக்காது என்ற பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அமெரிக்கப் பாடத்தை முழுதாகப் படிக்க வேண்டும். அங்கே மத்திய அரசுக்கு வரி போடும் அதிகாரம் வந்தது. மாநிலங்களின் வரி அதிகாரம் பெரும்பாலும் பறிபோகவில்லை, எஞ்சிய அதிகாரமும் அவற்றிடமே நின்றது. இங்கே நடந்தது வேறு.

1947 ஜூன் 3ஆம் தேதி பிரிவினைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த வாரமே அரசியல் நிர்ணய சபையின் குழுக்கள் கூடி, தூதுக்குழுத் திட்டம் இனிப் பொருந்தாது என்று முடிவு கட்டின. ஜூலை 5ஆம் தேதி மத்திய அதிகாரக் குழுவின் இரண்டாவது அறிக்கை வந்தது. நேரு தலைமையிலான குழு அது. பிரிவினை முடிந்த விஷயம் ஆகிவிட்டதால் பலவீனமான மத்திய அரசு நாட்டின் நலனுக்குக் கேடு என்றது அறிக்கை. ஏப்ரலில் இதே குழு கொடுத்த முதல் அறிக்கை, அந்த மூன்று துறைகளுக்குள் எவ்வளவு அடங்கும் என்று அளந்து பார்த்திருந்தது. இடையில் மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பஞ்சாபிலும் வங்காளத்திலும் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. 560க்கு மேற்பட்ட சமஸ்தானங்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. நெல்லும் கோதுமையும் பற்றாக்குறை. இவை எல்லாம் உண்மையான நெருக்கடிகள். அந்த நெருக்கடியின் நடுவில் எடுத்த முடிவை, நெருக்கடி தீர்ந்த பிறகு யாரும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

பார்க்கச் சொன்னவர் ஒருவர் இருந்தார், நம் மாகாணத்தவர். தஞ்சைப் பக்கத்துக் கே. சந்தானம். 1947 ஆகஸ்டில் அறிக்கை விவாதத்துக்கு வந்தபோது எழுந்து, அதிகாரத்தை எல்லாம் அள்ளி மத்தியில் குவித்தால் மத்திய அரசு பலமாகிவிடும் என்ற எண்ணமே தவறு என்றார். சுமக்க முடியாததைச் சுமக்கும் அரசு பலவீனமாகத்தான் ஆகும். மாகாணங்களோ தில்லியின் வாசலில் பிச்சைக்கு நிற்கும் என்று எச்சரித்தார். பிரிவினைவாதியின் பேச்சல்ல அது. சுதந்திரத்துக்காகச் சிறை சென்ற காங்கிரஸ்காரர், நாட்டின் ஒற்றுமையில் எள்ளளவும் சந்தேகம் இல்லாதவர் பேசிய பேச்சு. அந்தச் சபையில் குமாரமங்கலம் சுப்பராயனும் உறுப்பினர். காமராஜரும் ஓமந்தூராரும் உறுப்பினர்கள்.

1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தில் மத்தியப் பட்டியலில் 97 இனம், மாநிலப் பட்டியலில் 66, பொதுப் பட்டியலில் 47. எஞ்சிய அதிகாரம் மத்திய அரசுக்கு. மூன்று துறைத் தில்லி காகிதத்தோடு நின்றுவிட்டது.

இதில் சேலத்துக்கு எது தங்கியது, எது போயிற்று?

விற்பனை வரி தங்கியது. மாநிலப் பட்டியலின் 54ஆவது இனம். கள்ளுக்கடையை மூடியதால் ராஜாஜி தேடிப் பிடித்த அந்த வரி, சுதந்திர இந்தியாவின் மாநிலங்களுக்குச் சொந்த வருமானத்தில் மிகப் பெரிய பங்காக வளர்ந்தது. ஆனால் அதன் ஓரங்களை தில்லி விரைவிலேயே அரிக்கத் தொடங்கியது. 1957இல் மில் துணி, சர்க்கரை, புகையிலை மூன்றுக்கும் மாநிலங்கள் விற்பனை வரியை விட்டுவிட வேண்டும், பதிலுக்கு மத்திய அரசு கூடுதல் கலால் வரி வசூலித்துப் பங்கு தரும் என்று உடன்பாடு. அந்தப் பங்கை எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் வேலை இரண்டாவது நிதிக் குழுவுக்கு வந்தது. அதன் தலைவர் யார் தெரியுமா? பத்து ஆண்டுக்கு முன் பிச்சை வாசலைப் பற்றி எச்சரித்த அதே கே. சந்தானம். தான் வேண்டாம் என்ற ஏற்பாட்டை முடிந்தவரை நியாயமாக நடத்திக் கொடுக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

2017 ஜூலை 1ஆம் தேதி சரக்கு, சேவை வரி வந்தபோது மிச்சத்திலும் பெரும்பகுதி போயிற்று. இன்று வரி விகிதத்தைப் பரிந்துரைப்பது ஜி.எஸ்.டி. கவுன்சில். அதில் ஒரு முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். மத்திய அரசின் கையில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது தில்லி ஒப்பாமல் எதுவும் நடக்காது. கவுன்சிலின் பரிந்துரை மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஓர் ஆறுதல். பழைய விற்பனை வரியில் மாநிலத்திடம் எஞ்சியவை முக்கியமாக இரண்டு: பெட்ரோலியப் பொருள்கள், மது. குடியை ஒழிப்பதற்காகப் பிறந்த வரி, கடைசியில் குடியை நம்பி நிற்கும் நிலைக்கு வந்திருக்கிறது. புதுப்பாளையத்து ஆசிரமத்தை நினைக்கும்போது இதை எழுதக் கை கூசுகிறது. ஒரு மாநிலத்தின் மற்ற வாசல்களை மூடிவிட்டு, திறந்திருக்கும் ஒரே கதவைக் காட்டி அதைப் பழிப்பதும் நியாயமாகாது.

போனது இரும்பு. சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை. அந்த மலையின் இரும்புக்கல்லை ஊர்க் கொல்லர்கள் கரி வைத்து உருக்கிய காலம் உண்டு. 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்து இரும்புக்கல்லை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்தார், அது நிலைக்கவில்லை. தூதுக்குழுத் திட்டம் நின்றிருந்தால் அந்த மலையை என்ன செய்வது என்று சென்னை முடிவு செய்திருக்கும். அரசியல் சட்டமோ, நாடாளுமன்றம் விரும்பினால் கனிமத்தையும் பெருந்தொழிலையும் மத்தியின் பிடிக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்றது. நாடாளுமன்றம் விரும்பியது: 1951இல் தொழில்கள் சட்டம், 1957இல் கனிமச் சட்டம். 1956இன் தொழில் கொள்கைத் தீர்மானம் இரும்பு எஃகை அரசுக்கே ஒதுக்கிய தொழில்களில் சேர்த்தது. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் என்று உலைகள் எழுந்தன. கஞ்சமலைக் கல்லில் இரும்புச் சத்து குறைவு, பக்கத்தில் நிலக்கரி இல்லை என்பது உண்மையே. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை வைத்து உருக்க வழி தேடினார்கள். ஆனாலும் செய்வதா வேண்டாமா என்ற முடிவு தில்லியில் இருந்தது, சேலம் மனுப் போடும் ஊராயிற்று.

1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, ஜூலை 23ஆம் தேதியை எழுச்சி நாளாகக் கொண்டாடச் சொன்னார். சேலம் உருக்காலை வேண்டும், சேது கால்வாய் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஒரு மாநில அரசே மக்களைத் திரட்டி மத்திய அரசிடம் ஒரு தொழிற்சாலையைக் கேட்ட நாள் அது. இதற்கு முந்திய ஆண்டு விசாகப்பட்டினத்தில் உருக்காலை கேட்டுப் போராடியவர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்திருந்தார்கள். 1969இல் கலைஞர் அரசு ராஜமன்னார் குழுவை அமைத்து, மத்திய மாநில உறவை வேரிலிருந்து ஆராயச் சொன்னதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 1970 ஏப்ரலில் இந்திரா காந்தி தெற்கே மூன்று உருக்காலைகளை அறிவித்தார்: சேலம், விசாகப்பட்டினம், விஜயநகரம். செப்டம்பர் 16ஆம் தேதி சேலத்துக்கு வந்து அடிக்கல் நாட்டினார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தில்லி பலவீனமாக இருந்தால் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் எல்லாம் நல்லதாகவே முடிந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. மேட்டூர் அணை 1934 முதல் இந்த ஜில்லாவில் நிற்கிறது. அதில் விழும் தண்ணீர் மேலேயிருந்து வர வேண்டும். காவிரி நீர் பற்றி மைசூருடன் 1924இல் செய்த ஒப்பந்தத்தின் ஐம்பது ஆண்டு முடிந்த பிறகு, நடுவர் மன்றம் அமைவதற்கே 1990 ஆயிற்று. அதன் இறுதித் தீர்ப்பு 2007இல், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2018இல். இரண்டு மாநிலத்துக்கு நடுவே நின்று நியாயம் சொல்ல வேண்டிய இடத்தில் தில்லி பதினாறு ஆண்டு நடுவர் மன்றம் அமைக்காமல் இருந்தது. கடலை எண்ணெய் வரிக்கோ லண்டன் வரை வழக்காடியது. பரமத்தி வேலூரிலும் மோகனூரிலும் காவிரிக் கரையில் நிற்கிறவருக்கு வேண்டியது, தேவையான இடத்தில் பலத்தைக் காட்டும் மத்திய அரசு.

மீண்டும் குமாரமங்கலத்துக்கு. சுப்பராயன் 1957இலும் 1962இலும் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குப் போனார். மத்திய அமைச்சராகி, மகாராஷ்டிர ஆளுநராக இருக்கும்போது 1962இல் காலமானார். அவர் மகன் மோகன் குமாரமங்கலம் 1971இல் மத்திய உருக்கு, சுரங்கத் துறை அமைச்சரானார். தந்தை மாகாணத்து முதன்மை அமைச்சராக இருந்தும் பணப்பெட்டி கவர்னரிடம் இருந்தது. மகனிடம் நாட்டின் இரும்பும் சுரங்கமும் வந்து சேர்ந்தன, ஆனால் அதற்கு அவர் தில்லிக்குப் போக வேண்டியிருந்தது. 1973 ஜனவரியில் அவர் காலத்தில்தான் இந்திய உருக்கு ஆணையம் பிறந்தது. மே 31ஆம் தேதி தில்லி விமான விபத்தில் அவர் இறந்தார்.

சேலம் உருக்காலை 1981இல் ஓடத் தொடங்கியது. வெளியிலிருந்து வரும் எஃகுச் சுருளை உருட்டித் துருப்பிடிக்காத தகடாக்கும் ஆலையாக அது தொடங்கியது. கஞ்சமலைக் கல்லை உருக்கும் உலை அதில் இல்லை. எஃகை உருக்கும் பிரிவு சேர்ந்தது 2010இல், அதுவும் மலையின் கல்லுக்காக அல்ல. ஆலைக்குப் போகும் சாலையில் நின்று பார்த்தால் கஞ்சமலை தெரியும்.

(அடுத்த அத்தியாயம்: 1965, ஒரு ஜில்லா இரண்டாகிறது)